மகளுக்குக் கூட்ட வேண்டும், மாமியாருக்குக் குறைக்க வேண்டுமா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. பள்ளிக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் சளி, இருமல், காய்ச்சல். ஒன்று சரியாகி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. போன தடவை காய்ச்சலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையணு கொஞ்சம் கூடுதல், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்றார் குழந்தைகள் மருத்துவர். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளை" என்கிறார்கள். ஆளுக்கொரு டானிக்கும் பவுடரும் சிபாரிசு செய்கிறார்கள்.

இதே வீட்டில் என் மாமியாருக்கு முடக்குவாதம். அவருக்கு எதிர்ப்பு சக்தி எல்லை மீறி வேலை செய்கிறதாம். அதைக் குறைக்க வாரம் ஒரு முறை மாத்திரை சாப்பிடுகிறார். அது போதவில்லையென்றால் ஊசி போடலாம், அதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். மூட்டு வலிக்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம்? ஒரே வீட்டில் ஒருவருக்குக் கூட்ட வேண்டும், ஒருவருக்குக் குறைக்க வேண்டும் என்றால் இந்த எதிர்ப்பு சக்தி என்பதுதான் என்ன? பத்தாம் வகுப்பு அறிவியலோடு நின்றவள் நான். அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"கூட்டுவது எப்படி?" என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதங்கள் வரும். "அது என்ன?" என்று கேட்டு வந்தது உங்களுடையது. அதுவும் மகளையும் மாமியாரையும் அடுத்தடுத்து நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு போனாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

முதலில், அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'சக்தி' என்று காதில் விழுந்ததும் மனம் அதை அளக்கத் தொடங்கிவிடுகிறது. தொட்டித் தண்ணீர் மாதிரி, பேட்டரி சார்ஜ் மாதிரி. குறைந்தால் நிரப்ப வேண்டும், எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டானிக் விற்கிறவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது. பாடப்புத்தகங்களில் 'தடைகாப்பு' என்று எழுதுகிறார்கள். பேச்சில் ஒட்டாவிட்டாலும் அது நியாயமான சொல். மேற்கில் வழங்கும் 'இம்யூனிட்டி' என்கிற சொல்லுக்கு மூலமான லத்தீன் 'இம்யூனிஸ்', வரியிலிருந்தும் பொதுப்பணியிலிருந்தும் விலக்குப் பெற்றவரைக் குறித்தது. அதில் சக்தி என்கிற வாசனையே இல்லை. உடம்புக்குள் நடப்பதும் அப்படித்தான். பாதி வேலை, வந்திருப்பது யார் என்று அடையாளம் காண்பது. மீதியில் பெரும்பங்கு, எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது. அடிக்கிற வேலை கடைசியில்தான்.

வாசலிலிருந்து தொடங்குவோம். தோல்தான் முதல் காப்பு. உலர்ந்தது, சற்றே அமிலத்தன்மை உள்ளது, மேலடுக்கை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருப்பது. கிருமி ஒட்டினாலும் உதிர்கிற செதிலோடு அதுவும் போய்விடும். வயிற்றுக்குள் போனால் அமிலம் காத்திருக்கிறது. மூச்சுக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் நெற்கதிர் அசைவதுபோல மேல்நோக்கி அசைந்து, கோழையில் சிக்கிய தூசியையும் கிருமியையும் தொண்டைக்குத் தள்ளுகின்றன. சிகரெட் புகை இந்த இழைகளைத்தான் செயலிழக்கச் செய்கிறது. உங்கள் வீட்டில் யாராவது புகைபிடிப்பவர் இருந்தால், மகளின் சளியைப் பற்றிய பேச்சை முதலில் அவரிடம் தொடங்குங்கள்.

சளியை நாம் அருவருப்பாகப் பார்க்கிறோம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் அப்படிப் பார்க்கவில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928-ல். அதற்குச் சில வருடங்கள் முன்பே தனக்குச் சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச்சளியையே எடுத்துக் கிருமிகளோடு வைத்துப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்தன. அதிலிருந்த பொருளுக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922-ல் வெளியிட்டார். கண்ணீரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் அது இருக்கிறது.

வாசலைத் தாண்டிவிட்டால்? முள் குத்திய விரல் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான் அடுத்த கட்டம். 1882-ல் சிசிலியின் மெசினா நகரில் இலியா மெட்ச்னிகோஃப் என்கிற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடிபோல ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்து நின்றன. ரத்தக்குழாயே இல்லாத அந்தச் சின்ன உயிருக்குள்ளும், அந்நியப் பொருளைத் தேடிப்போய் விழுங்கப் பார்க்கும் செல்கள் இருக்கின்றன என்று அன்றைக்குத் தெரிந்தது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடம்பில் அந்த வேலையைச் செய்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று மேக்ரோபேஜ். கிரேக்கத்தில் 'பெருந்தீனிக்காரர்' என்று பொருள். திசுக்களில் குடியிருந்து, செத்த செல்லையும் வந்த கிருமியையும் விழுங்கிக்கொண்டிருக்கும். மற்றது நியூட்ரோபில். பெரியவர்களின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. ஆயுள் குறைவு. போகிற இடத்தில் கிருமியை விழுங்கி, தானும் செத்து, சீழாகக் குவியும். சளி மூன்றாம் நாள் பச்சையாக மாறுகிறதே, அந்தப் பச்சை கிருமியின் நிறமல்ல. நியூட்ரோபில்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்துள்ள ஒரு நொதியின் நிறம். பச்சைச் சளி என்றாலே ஆன்டிபயாட்டிக் கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வைரஸால் வரும் சாதாரணச் சளியிலும் பச்சை வரும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

காய்ச்சலையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிருமியைக் கண்ட செல்கள் ரத்தத்தில் விடும் செய்திப் பொருட்கள் மூளைக்குப் போகின்றன. அங்கே உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தன் இலக்கை மேலே ஏற்றிவைக்கிறது. இலக்கு 102 என்று மாறியதும், 98.6-ல் இருக்கும் உடம்பு தனக்குக் குளிர்வதாக உணர்ந்து நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறது. வெயில் கொளுத்தும்போதும் போர்வை கேட்பது இதனால்தான். வைரஸ் புகுந்த செல் தன் அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்க விடும் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர், 1957-ல் கண்டறிந்தது. அதையே மருந்தாகச் செய்து கல்லீரல் அழற்சிக்கு ஊசி போட்டபோது, எந்த ஃப்ளூவும் இல்லாமலே நோயாளிகளுக்கு ஃப்ளூ மாதிரி உடம்புவலியும் காய்ச்சலும் வந்தன. அதாவது, நாம் நோய் என்று நினைத்து முனகுவதில் பெரும்பகுதி நம் காப்பின் வேலைச்சத்தம்.

இதுவரை சொன்னதெல்லாம் பிறவியிலேயே வந்தவை. யார் வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்பவை. முகம் பார்த்து, பெயர் தெரிந்து, ஞாபகம் வைத்துச் செய்கிற வேலை இனிமேல்தான். உங்கள் மகளின் கழுத்து நெறிக்கான விளக்கமும் இங்கேதான் இருக்கிறது.

திசுக்களில் டென்ட்ரிடிக் செல் என்று ஒன்று உண்டு. கிளைகிளையாக நீட்டிக்கொண்டிருக்கும். கிருமியை விழுங்கி, துண்டாக்கி, அந்தத் துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். மேக்ரோபேஜ் விழுங்கிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். இது பயணப்படும். 1973-ல் இதை அடையாளம் காட்டியவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011-ல் நோபல் அறிவித்தபோது, மூன்று நாள் முன்பே அவர் இறந்துவிட்டது பரிசுக்குழுவுக்குத் தெரியாது. கணையப் புற்றுநோய்க்கு, தான் கண்டறிந்த அதே செல்லைக்கொண்டு செய்த சிகிச்சையையும் தனக்கே முயன்று பார்த்தவர் அவர். பரிசைத் திரும்பப் பெறவில்லை.

நிணநீர்க் கணுவுக்குள் டி செல்கள் என்கிற வெள்ளையணுக்கள் வரிசையாக வந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் பொருந்தும். குறிப்பிட்ட ஒரு துண்டுக்குப் பொருந்தக்கூடியது லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். சேர்ந்துவிட்டால், அந்த ஒன்று இரண்டாகி, நான்காகி, சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகும். பக்கத்திலேயே பி செல்கள் என்கிற இன்னொரு வகை வெள்ளையணுக்களும் பெருகும். அத்தனை பேருக்கும் இடம் வேண்டாமா? கணு வீங்குகிறது. நாம் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோம். மூக்கும் தொண்டையும் வடியும் வழி கழுத்துக் கணுக்கள்தான் என்பதால் சளிக்குக் கழுத்தில் கட்டுகிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் கட்டும். சளி போன பிறகும் சில வாரங்கள் பட்டாணி அளவில் தட்டுப்படுவது சிறு பிள்ளைகளிடம் சாதாரணம். விரலால் தொட்டால் நழுவுகிறதா, ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, அப்படியானால் விட்டுவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், கல் மாதிரி இறுகி அசையாமல் இருந்தால், காறை எலும்புக்கு மேலே வந்தால், எடை குறைந்தால், மாதம் தாண்டியும் பெருத்துக்கொண்டே போனால் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

பி செல்கள் செய்வதுதான் ஆன்டிபாடி. தமிழில் எதிர்ப்பொருள். கிருமியின் மேல் சரியாகப் பொருந்தி ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம். ஒட்டினால் அந்தக் கிருமி செல்லுக்குள் நுழைய முடியாது. விழுங்கும் செல்களுக்கும் அது எளிதில் அகப்படும். இங்கே ஒரு புதிர் விஞ்ஞானிகளை நெடுநாள் படுத்தியது. மனிதனுக்கு மொத்தமே ஏறத்தாழ 20,000 மரபணுக்கள்தான். ஆனால் நம் உடம்பு செய்யக்கூடிய ஆன்டிபாடி வகைகள் பல நூறு கோடி. இனிமேல்தான் உருவாகப்போகும் ஒரு வைரஸுக்குக்கூடப் பொருந்தக்கூடியது எங்கேயோ ஒரு பி செல்லில் இருக்கிறது. எப்படி?

விடையை நாம் ஒன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். 12 உயிர், 18 மெய். முப்பதைக் கற்றால் 216 உயிர்மெய் வந்துவிடுகிறது. சேர்த்து எழுதத் தெரிந்தால் போதும். பி செல்லும் அதையே செய்கிறது. ஆன்டிபாடியின் ஒரு பகுதிக்கான மரபணு மூன்று வகைத் துண்டுகளாகக் கிடக்கிறது. முதல் வகையில் சுமார் 40, இரண்டாவதில் 23, மூன்றாவதில் 6. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து ஒட்டினால் 5,500-க்கு மேல் சேர்க்கைகள். இன்னொரு பகுதியிலும் இதே விளையாட்டு. ஒட்டுகிற இடத்தில் தன்னிச்சையாகச் சில எழுத்துகளைச் சேர்ப்பதும் விடுவதும் வேறு. கணக்கு கோடிகளில் போய் நிற்கிறது. மரபணுவை உடம்பே வெட்டி ஒட்டுகிறது என்று 1976-ல் சுசுமு டொனெகாவா காட்டியபோது பலருக்கு நம்ப முடியவில்லை. 1987-ல் நோபல்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து இருப்பதைக் கவனித்தீர்களா? கண்ணை மூடிக்கொண்டு சாவி வெட்டினால், அதில் சில நம் வீட்டுப் பூட்டுக்கே பொருந்திவிடும். சொந்த மூட்டுக்கு, சொந்தக் கணையத்துக்குப் பொருந்தும் டி செல்களும் தற்செயலாக உருவாகத்தான் செய்யும். அதற்காகவே உடம்பில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமஸ் சுரப்பி. 1961-ல் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்க்கும்வரை அது வீண் உறுப்பு என்றே நினைத்தார்கள். எடுத்த எலிகளால் கிருமிகளைச் சமாளிக்க முடியவில்லை.

மஜ்ஜையில் பிறந்த இளம் டி செல்கள் தைமஸுக்கு வருகின்றன. முதல் தேர்வு, நம் செல்கள் ஏந்திக்காட்டும் துண்டை வாசிக்கத் தெரிகிறதா என்பது. தெரியாதவை சாகும். அடுத்த தேர்வு, சொந்த உடம்பின் துண்டைக் காட்டினால் பாய்கிறதா என்பது. பாய்ந்தால் சாவு. உடம்பின் எல்லா மூலைகளிலும் உள்ள பொருட்களின் மாதிரிகளை, இன்சுலின் உட்பட, தைமஸ் தானே கொஞ்சம் செய்து காட்டுகிறது. உள்ளே வருவதில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. இவ்வளவு கடுமையான பள்ளியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. குழந்தைப் பருவத்தில் மும்முரமாக நடந்து, வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும்.

அப்படியும் சில தப்பிவிடும். அவற்றை வெளியே கண்காணித்து அடக்கிவைக்கத் தனி வகை டி செல்கள் உண்டு. ஒழுங்காற்று டி செல்கள் எனலாம். 1995-ல் ஷிமோன் சகாகுச்சி இவற்றைப் பிரித்துக் காட்டினார். இவற்றை ஆளும் மரபணுவை மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் 2001-ல் கண்டனர். மூவருக்கும் 2025-ல் நோபல். அந்த ஒரு மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு, குடலையும் கணையத்தையும் தோலையும் அவர்கள் உடம்பே தாக்கத் தொடங்கிவிடுகிறது. எதிர்ப்பில் அவர்களுக்குக் குறைவே இல்லை. அடக்குகிறவர் இல்லை.

'கூட்டுவது' என்பதற்கு உண்மையில் என்ன பொருள் என்று பார்க்க வேண்டுமானால் 2006 மார்ச்சில் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். டி செல்களைத் தூண்டும் ஒரு புதிய மருந்து. முடக்குவாதத்துக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் ஆகும் என்ற நம்பிக்கையில் செய்தது. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு முதல்முறையாக ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், காய்ச்சல். ஒரு நாள் முடிவதற்குள் ஆறு பேரின் நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறித் தீவிர சிகிச்சையில் கிடந்தார்கள். நல்லவேளையாக எல்லாரும் பிழைத்தார்கள். டி செல்களை மொத்தமாகத் தட்டி எழுப்பினால் நடப்பது இதுதான். கடையில் விற்கும் பவுடர்கள் இப்படியெல்லாம் செய்யாது. செய்யாததற்குக் காரணம், அவை எதையும் தூண்டுவதில்லை என்பதே.

சரி, ஞாபகத்துக்கு வருவோம். மகளுக்கான பதில் அதில் இருக்கிறது.

தொற்று அடங்கியதும் பெருகிய செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். கொஞ்சம் மிஞ்சும். அவை நினைவு செல்கள். முதல் சந்திப்பில் ஆன்டிபாடி போதுமான அளவு வர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதே கிருமி மறுமுறை வந்தால் சில நாட்களே போதும். பல சமயம் வந்ததே நமக்குத் தெரியாது. எவ்வளவு காலம் ஞாபகம் இருக்கும்? அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1781-ல் அங்கே தட்டம்மை பரவி ஓய்ந்தது. பிறகு 65 வருடங்கள் தட்டம்மையே எட்டிப்பார்க்கவில்லை. 1846-ல் கப்பலில் வந்து சேர்ந்தது. 7,800 பேர்கூட இல்லாத தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். ஆராயச் சென்ற பேனும் என்கிற டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் குறித்துவைத்தார். 1781-ல் தட்டம்மை கண்டு உயிரோடிருந்த முதியவர்கள் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அறுபத்தைந்து வருடம் அந்த முகத்தைப் பார்க்காமலே உடம்பு மறக்கவில்லை. நோயைத் தராமல் இந்த ஞாபகத்தை மட்டும் தருவதுதான் தடுப்பூசி. 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறதென்றால், அது இதுதான்.

தட்டம்மைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது நினைவு செல்களையே தாக்கும். தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, மற்ற கிருமிகளுக்கு எதிராக ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம்வரை அழிந்துபோயிருந்ததைக் காட்டியது. படித்த பாடமெல்லாம் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது உங்கள் மகள். தட்டம்மை ஒரே முகம். சாதாரணச் சளி அப்படியல்ல. ரைனோ வைரஸ் மட்டுமே 160-க்கு மேற்பட்ட வகை. மற்ற வைரஸ்களையும் சேர்த்தால் சளி தரக்கூடியவை 200-ஐத் தாண்டும். ஒன்றை ஞாபகம் வைத்திருப்பது அடுத்ததற்கு அவ்வளவாக உதவாது. நான்கு வயதுவரை வீட்டில் இருந்த பிள்ளை, திடீரென்று முப்பது பிள்ளைகளின் மூக்கோடு ஓர் அறையில் உட்கார்ந்தால், அத்தனை புது முகங்களையும் ஒரே வருடத்தில் சந்திக்கிறாள். இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு சளி என்பது இயல்பான கணக்கு. பள்ளி தொடங்கிய வருடத்தில் இன்னும் கூடலாம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள், இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். எட்டைப் பத்தால் பெருக்குங்கள். எண்பது நாள். 'எப்போதும் சளி' என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

எதிர்ப்பு சக்தி இல்லை என்பதற்குச் சாட்சியாக நீங்கள் எழுதியவற்றை மறுபடி பாருங்கள். மூக்கொழுகல், காய்ச்சல், நெறி, கூடுதல் வெள்ளையணு. நான்கும் அது இருப்பதற்கான சாட்சிகள். மஜ்ஜை கேட்டவுடன் ஆளனுப்பியிருக்கிறது, கணுக்களில் வகுப்பு நடக்கிறது. உண்மையிலேயே காப்பு இல்லாத பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1952-ல் புரூட்டன் என்கிற அமெரிக்க மருத்துவர், கடும் தொற்றுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த ஓர் எட்டு வயதுச் சிறுவனின் ரத்தத்தில் ஆன்டிபாடிப் பகுதியே இல்லாததைக் கண்டார். பிறவிக் குறைபாடுகளைப் பற்றிய பாடம் அங்கே தொடங்கியது. வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கோ அதற்கு மேலோ காதில் சீழ், மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் தீராத தொற்று, எடையும் உயரமும் ஏறாமை, தோலிலோ உள்ளுறுப்பிலோ ஆழமான சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருவது, குடும்பத்தில் ஏற்கெனவே அப்படியொரு குறைபாடு. இதில் ஏதாவது இருந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லி ஆன்டிபாடி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சளிக்கும் சளிக்கும் நடுவே ஓடி விளையாடி, எடையும் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்றால் உங்கள் மருத்துவர் சொன்னதுதான் என் பதிலும்.

டானிக்? வைட்டமின் சி-யை மட்டும் எடுத்துக்கொள்வோம், அதைப் பற்றித்தான் ஆய்வுகள் நிறைய. தினமும் சாப்பிட்டு வந்தாலும் பொதுமக்களிடம் சளி வரும் தடவைகள் குறையவில்லை. வந்த சளியின் நாட்கள் பெரியவர்களில் 8 சதவீதமும் குழந்தைகளில் 14 சதவீதமும் குறைந்தன. பத்து நாள் சளியில் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள். சளி வந்த பிறகு தொடங்கினால் அந்தப் பலனும் உறுதியில்லை. உண்மையான சத்துக்குறைபாடு வேறு விஷயம். உலகளவில் காப்பு பலவீனப்படுவதற்குப் பெரிய காரணமே அரைவயிற்று வாழ்க்கைதான். குறை இருந்தால் நிரப்ப வேண்டும். குறை இல்லாதவருக்கு வைட்டமின் சி-யை மேலும் ஊற்றினால் சிறுநீரில் போகும். தூக்கத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 164 பெரியவர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு. உங்கள் மகளைவிட உங்களுக்கு இது அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரவில் இருமுகிற பிள்ளையோடு நீங்களும் விழித்திருக்கிறீர்கள்.

மாமியாருக்கு வருகிறேன். முடக்குவாதத்தில் காப்பு தன் மூட்டுகளின் உள்ளுறையையே அந்நியமாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. பெண்களிடம் இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். அவர் வாரம் ஒரு முறை சாப்பிடுவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் ஆக இருக்கும். அப்படியானால் ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு ஒரு நாள் என்பது வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டு மஜ்ஜை நின்றுபோன கதைகள் உண்டு. கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

ஊசி விஷயம் சுவாரஸ்யமானது. முடக்குவாத மூட்டில் அழற்சியைக் கிளப்பும் செய்திப் பொருட்களில் முக்கியமானது டி.என்.எஃப். அதை மட்டும் தடுத்தால் போதுமா என்று 1990-களில் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் முயன்றார்கள். மூட்டு அடங்கியது. ஆனால் அதே டி.என்.எஃப் வேறொரு இடத்தில் நல்ல வேலை பார்த்துக்கொண்டிருந்தது. காசநோய்க் கிருமியை மேக்ரோபேஜ் விழுங்கினாலும் எளிதில் கொல்ல முடியாது. அதனால் செல்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரு சுவர் எழுப்பிவிடும். உலகில் நான்கில் ஒரு பங்கு மக்களின் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கிறது என்பது கணக்கு. அவர்களில் வாழ்நாளில் நோயாக வெளிப்படுவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கே. மற்றவர்களுக்குச் சுவர் தாங்குகிறது. அந்தச் சுவரைக் கலையாமல் பிடித்துவைத்திருப்பதில் டி.என்.எஃப்-க்குப் பெரும்பங்கு. அதைத் தடுத்தால் சுவர் இளகும். இவ்வகை ஊசிகளில் ஒன்றைப் போட்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் ஓர் ஆய்வறிக்கை பதிவு செய்தது. அதில் 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. ஒரே பொருள் மூட்டை அரிக்கிறது, அதுவே காசநோயைப் பூட்டியும் வைத்திருக்கிறது. இதற்கு மேல் 'கூட்டலாமா, குறைக்கலாமா' என்று பொதுவாகக் கேட்க முடியுமா சொல்லுங்கள்.

ஆகவே மார்பு எக்ஸ்ரேயும், தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவர் யாருக்கும் பரப்பமாட்டார். அதற்கு மாத்திரை உண்டு, சில மாதங்கள் சாப்பிட வேண்டும். வழக்கமாக ஒரு மாதம் சாப்பிட்ட பிறகு ஊசியைத் தொடங்குவார்கள். முன்பு காசநோய் வந்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இருந்திருந்தாலோ கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள்.

மகளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போனதைப் போட்டுவிடுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி உயிருள்ள வைரஸால் செய்தது என்றாலும் அவளிடமிருந்து பாட்டிக்குப் பரவாது. வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசியை வீட்டில் எல்லாரும் போட்டுக்கொண்டால் பாட்டிக்கும் காப்பு. பாட்டிக்கு மட்டும் எந்தத் தடுப்பூசியானாலும் அவருடைய மூட்டு மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். உயிருள்ள வைரஸ் கொண்டவை அவருக்கு ஆகாமல் போகலாம். பேத்திக்கு மூக்கொழுகும் நாட்களில் பாட்டி பக்கத்தில் படுக்க வைப்பதைத் தள்ளிப்போடுங்கள். பாட்டிக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், அந்த வார மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.